பனிமேட்டில் ஒன்பதாவது ஆள்

போர் முடிந்த மூன்றாம் வருடம், நார்வேயில் நாங்கள் பாலம் தகர்த்த கதை படமாக வந்தது. போன ஒன்பது கமாண்டோக்களில் ஹல்வார் மட்டும் திரும்பவில்லை. மற்ற எட்டுப் பேரும் நடித்தோம். அவன் வேடத்துக்கு ஆள் வைக்கவில்லை.

மதியக் காட்சியில் அவன் மனைவி ரக்னா என் பக்கத்தில் இருந்தாள். திரையில் நாங்கள் பனிமேடு ஏறினோம்.

“ஒன்பது பேர் போறாங்களே, அண்ணே.”

“எட்டுதாம்மா.”

“கடைசியில நொண்டிக்கிட்டு வர்றது அவருதான்.”

பார்த்தேன். ஹல்வார்தான். அன்று போலவே பின்தங்கினான், பனியில் உட்கார்ந்தான், கைகாட்டிக் கூப்பிட்டான். அன்று போலவே நாங்கள் யாரும் நிற்கவில்லை.

“குண்டு பட்டு உடனே உயிர் போயிடுச்சுன்னு சொன்னீங்களே?” என்றாள் ரக்னா.

எட்டுப் பேரும் மேட்டைத் தாண்டி மறைந்தோம். நாங்கள் போன திசையைப் பார்த்தபடி அவன் மட்டும் திரையில் இருந்தான்.