திங்கட்கிழமை விமானம்

“டொரன்டோவில இருந்து டோஹாவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், பிறகு கொழும்புக்கு அஞ்சு,” என்று மாக்கிறட் போனைப் பார்த்து வாசித்தாள்.

“கட்டுநாயக்காவில இறங்கினா, மன்னாருக்கு வான் பிடிச்சு வர ஆறேழு மணித்தியாலமாகும். எப்பிடியும் சனி பின்னேரம் வந்திடுவான்,” என்றான் அவள் கணவன் அன்ரனி. “அப்ப அடக்கத்தை ஞாயிறு வைப்பம். பாதரிட்டயும் கேட்டு வைச்சிருக்கிறன்.”

அறைக்குள் கட்டிலில் கிடந்த அவளுடைய தகப்பன் அம்புறோஸுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எழுந்துபோய் அவர்களோடு இருந்து பேச முடியாது. அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான்: பெட்டியை மூடுமுன் மகன் டிலோஜன் வந்து சேர்ந்துவிட வேண்டும். போனவன் பதினொரு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை.

கூடத்தில் போன் அடித்தது. டிலோஜனின் குரல் அறை வரைக்கும் கேட்டது.

“அக்கா, செத்தவீடு எண்டு சொன்னபடியாத்தான் லீவே தந்தவங்கள். திங்கள் காலமை திரும்பப் பிளேன் ஏறோணும். மாத்தேலாத டிக்கெட்.”

“ஓம் தம்பி,” என்றாள் மாக்கிறட் குரலைத் தாழ்த்தி. “எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிடும். நீ வா.”

பிறகு கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் வந்தாள். கட்டில் ஓரமாக இருந்து, கரண்டியை அம்புறோஸின் வாயருகே கொண்டுபோனாள்.

“ரெண்டு வாய் குடியுங்கோ அப்பா.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வேண்டாம் பிள்ளை. குடிச்சனெண்டால், டொக்டர் சொன்ன சனிக்கிழமையைத் தாண்டி, செவ்வாய் வரைக்கும் உயிரோட கிடந்திடுவன். தம்பி என்னை அடக்காமலே பிளேன் ஏறவேண்டி வரும்.”