வேலூர் பல் டாக்டர்

"இன்னா கேசியா, பாட்டுப் பயிற்சிக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே? எங்க கீற?" போனில் ஜெயசீலி அக்கா.

"வேலூர்லக்கா. பல் டாக்டர் கிட்ட."

அதில் 'டாக்டர்' மட்டும் உண்மை. கேசியா உட்கார்ந்திருந்தது திருப்பதியில், ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் தம்பதிகள் கூடத்தில். கணவன் டீ குடிக்கப் போயிருப்பதாக மற்றவர்கள் நினைக்கட்டும் என்று பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தாள். இல்லாத கணவனுக்கு இடம் பிடித்து வைத்தவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"இன்னாடி, பல் டாக்டர் வூட்ல பெருமாள் பாட்டு கேக்குது?"

"டாக்டரு இந்துக்கா. டிவில ஓடிக்கினு கீது."

அதே பாட்டு போனுக்குள்ளிருந்தும் கேட்டது. நெட்வொர்க் கோளாறு, இங்குள்ள சத்தமே திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்கக்கா?"

"நகரி ஊர்ல. அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கினு கீறேன். சரி வையி, உன் பல்லுக்கு ஜெபம் பண்றேன்."

கேசியா போனை வைத்தாள். ஜெயசீலி, கேசியா வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை. சபையில் பாடகர் குழுத் தலைவி. அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், ஊழியம் என்பாள். போன ஞாயிறு பெண்கள் கூட்டத்தில் அவள்தான் முழங்கினாள்: "முட்டைய எடுத்து ஐஸ்ல வெக்கிறாங்களாம்! கர்த்தர் குறிச்ச நேரத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்ல!"

அதற்கு எல்லோரையும்விட உரக்க 'ஆமென்' சொன்னவள் கேசியா. இந்த மருத்துவமனை கொடுத்த டோக்கன் எண் அப்போது அவள் கைப்பைக்குள் இருந்தது.

சொந்த ஊரான சித்தூரில் எந்த லேபில் கையை நீட்டினாலும் ஊசி குத்துவது சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை அது ஜெபக் குறிப்பாகிவிடும். "திருப்பதிக்குப் போங்க டீச்சர், உங்க சபைக்காரங்க யாரு அங்க வரப்போறாங்க? பேரு கேட்டா என் பேரைக் குடுங்க" என்று வழி சொன்னவள் கணக்கு டீச்சர் மஞ்சு.

காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று. கருமுட்டை இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லிவிடுமாம். போதுமான அளவு இருந்தால் உறைய வைக்கலாம். இல்லாவிட்டால்? முப்பத்தைந்து வயதுவரை கர்த்தர் குறித்த நேரத்தை நம்பியவள், இன்று அரை மணி நேரத்தில் பதினோரு தடவை கடிகாரம் பார்த்திருந்தாள்.

"மஞ்சு, சித்தூரு! ரிப்போர்ட் ரெடி!" என்று நர்ஸ் கூவினாள்.

கேசியா கைப்பையோடு எழுந்து ஓடினாள். எதிர்ப்பக்கம், தனியாக வந்த பெண்களுக்கான கூடத்திலிருந்து, முகக்கவசம் போட்ட ஒருத்தியும் மேசைக்கு வந்து நின்றாள்.

நர்ஸ் கையில் இரண்டு உறைகள். "ரெண்டு பேரும் மஞ்சுவா? ரெண்டு பேரும் சித்தூரா? வயசு சொல்லுங்கம்மா."

"முப்பத்தஞ்சு" என்றாள் கேசியா.

"முப்பத்தொம்போது" என்றது இன்னொரு குரல். தினமும் பள்ளி மணிக்குப் பிறகு கேட்கும் குரல். ஆனால் இப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை.

முகக்கவசம் மெதுவாக இறங்கியது. ஆளுக்கொரு உறையோடு இருவரும் நின்றார்கள். பிரிக்க யாருக்கும் கை வரவில்லை.

"மொதல்ல நீ பிரிடி" என்றாள் ஜெயசீலி அக்கா. "பல்லு எத்தினி மிச்சம் கீதுன்னு பாப்போம்."