முதல் பரிசு வாங்கிய தெரு

தினமும் மாலையில் தலைவர் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தோன்றி, யார் நம்மவர், யார் அந்நியர் என்று முழங்குவார். எந்த வீட்டில் எத்தனை கைதட்டல் என்று சுவரே எண்ணிக்கொள்ளும். குறைந்தால் விசாரணைக்கு ஆள் வரும்.

எங்கள் வீட்டில் குறைந்ததே இல்லை. அது கொசு வரும் நேரம். நானும் என் கணவர் சற்குணமும் இரண்டு கையாலும் கொசு அடித்தே தப்பித்துவந்தோம். ஆனால் பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் தட்டுகிற தட்டில் எங்கள் சுவரே அதிரும். அவர் எதிரில் நாங்கள் அரசியல் பேசவே மாட்டோம்.

இந்த வருடம் கைதட்டலில் எங்கள் தெருவுக்கு முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்த அதிகாரி என்னிடம் மைக்கை நீட்டி, "தெருவுக்கு என்ன வேணும், கேளுங்கம்மா" என்றார்.

"கொசு மருந்து அடிச்சா நல்லாருக்கும் சார்."

சற்குணம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே கொசு மருந்து வண்டி வந்து சாக்கடை வரை புகை அடித்துவிட்டுப் போனது. அன்று மாலை தலைவர் முழங்கினார். கைதட்டலுக்காக நிறுத்தினார். கொசு இல்லாமல் கை தட்ட எங்களுக்குத் தோன்றவே இல்லை. தெருவில் எந்த வீட்டிலும் சத்தமில்லை.

பால்கனிக்கு ஓடினேன். கோமதிநாயகமும் திருதிருவென விழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்களும் கொசுதானா அண்ணே?"

"ஆமாம்மா! உங்க வீட்டுச் சத்தத்துக்குப் பயந்துதான் இத்தனை நாளா நான் வாயைத் திறக்கல!"

"இப்ப விசாரணைக்கு வருவாங்களே?"

"வரட்டும். தெருவையே விசாரிக்கட்டும்!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தெரு முழுக்கச் சிரிப்பு. உள்ளே, சுவரில், தலைவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.