பெட்டி கேட்ட கை

காசிலிங்கம் சம்மதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். பக்கத்துக் கொல்லை அவனுடையது. பருத்தியில் காய்ப்புழு ஏறிவிட்டது, பாவம். மருந்து அடிக்க வேண்டுமென்றால் காற்று போகிற பக்கம் குடியிருக்கிற எல்லோரும் அந்தப் பெட்டியில் கை வைக்க வேண்டும். உலகம் முழுக்க இப்போது அதுதானே சட்டம்.

"சித்தி, இந்தத் தடவையும் விட்டா மொத்தமும் போயிரும்" என்றான்.

நான் கை வைத்தேன். என் மகன் வைத்தான். மருமகள் பவளக்கொடி கொஞ்சம் தயங்கினாள், பிறகு அவளும் வைத்தாள். ஆனால் பச்சை விளக்கு எரியவில்லை.

"இந்த வீட்டில் இன்னும் ஒருவர் பாக்கி" என்றது பெட்டி.

"யாருடா அது? இருக்கறதே மூணு பேரு. ஆட்டையும் கணக்குல சேத்துருச்சா?" என்று சிரித்தேன்.

பவளக்கொடி முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன், அத்தை. ரெண்டு தடவை முன்னாடியே சொல்லிட்டுத்தானே பறிகொடுத்தோம். முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்கன்னு கைய வச்சேன்."

"எங்கிட்டகூடச் சொல்லலையேடி" என்று என் மகன் அவள் பக்கத்தில் போய் நின்றான். காசிலிங்கம் பெட்டியை மூடினான்.

"அண்ணே, உங்க பருத்தி..." என்றாள் பவளக்கொடி.

"அந்த ஆளு பொறந்து பேசட்டும்மா, அப்பறம் கேட்டுக்கறேன். சித்தி, பழைய டப்பா இருந்தா குடுங்க. புழுவைக் கையாலதான் பொறுக்கணும்."

மூன்று டப்பா கொண்டுவந்தேன். அவனுக்கு ஒன்று, என் மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"எனக்கு, அத்தை?"

"நீ உள்ள போயி உக்காருடி, ராசாத்தி."