ஆம்புலன்ஸ் சத்தம்

“அம்மா, கதவு திறந்திருக்குன்னு திருடனுக்கு யாரு சொல்லுவா?” என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். முன்பின் தெரியாத இசக்கியப்பனின் மின்னஞ்சலைப் படித்தபோது செண்பகவல்லிக்கு அது நினைவு வந்தது. மருத்துவமனைக் கருவிகளில் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் அவள் எழுதிய ஒரு வரி, எவரையும் உள்ளே விட்டுவிடும் என்று எழுதியிருந்தார். “யார்கிட்டயும் சொல்லல மேடம். பதறாம அடைங்க” என்று முடித்திருந்தார். அடைக்க மூன்று நாள் ஆயிற்று. தெருவில் ஆம்புலன்ஸ் அலறும்போதெல்லாம் கை அப்படியே நின்றுவிடும். “முருகா, இன்னும் ஒரு நாள்” என்பாள்.

இரண்டு வருடம் கழித்து, அதே கெர்னலில் இசக்கியப்பன் எழுதிய பகுதியில் அதேபோல் ஓர் ஓட்டையைக் கண்டாள். திருத்தத்தையும் தானே எழுதி, கண்டுபிடித்தவர் என்று தன் பெயர் வரும் வரியை அழித்துவிட்டு, அவருக்கு மட்டும் அனுப்பினாள். “யார்கிட்டயும் சொல்லல சார். பதறாதீங்க.” பதில் வரும்வரை, ஒவ்வொரு ஆம்புலன்ஸுக்கும் அவள் கை நின்றது.