விழத் தெரியாத சாம்பியன்

“கட்! கட்! அண்ணே, விழுங்கண்ணே! கெஞ்சிக் கேக்கறேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் டைரக்டர்.

இது பதினேழாவது டேக். காட்சி என்னவோ சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருக்கும் ஒல்லி நடிகர், ஆறடி உயர முன்னாள் குத்துச்சண்டை சாம்பியனின் தாடையைப் பார்த்து ஒரு குத்து விடுவார். குத்து ஒரு சாண் தள்ளித்தான் போகும். சாம்பியன் தடாலென்று விழ வேண்டும். தியேட்டர் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மனுஷன் விழுந்தால்தானே! குத்து வரும்போதெல்லாம் தலை தானாக விலகியது. விலகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், நின்றது நின்றபடியே நின்றார். ஒருமுறை ரொம்ப யோசித்து, பஸ்ஸில் இடம் கிடைத்தவர் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தார்.

“உடம்பு பேச்சைக் கேக்க மாட்டேங்குதுப்பா. அடி படலைன்னு அதுக்குத் தெரிஞ்சுபோகுது. படாத அடிக்கு எப்படி விழறது?” என்றார் சாம்பியன், வியர்வையைத் துடைத்தபடி.

“ஃபைனல்ஸ்ல ஒரே குத்துல ஒருத்தரைச் சாய்ச்சீங்களாமே, அவர் எப்படி விழுந்தாரு? அந்தக் கதையைத்தான் சொல்லுங்களேண்ணே,” என்றார் ஒல்லி.

“அதெல்லாம் பழங்கதை. நீ அடுத்த டேக்குக்கு வா.”

எப்போதும் இப்படித்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே நகர்ந்துவிடுவார். பெருமை பேசத் தெரியாத மனுஷன் என்று யூனிட்டில் அவர்மேல் தனி மரியாதை.

இருபத்து மூன்றாவது டேக்குக்குப் பிறகு டைரக்டர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாம். அப்பவும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடறேன். உங்களுக்கு வழக்கம்போல வில்லன் பின்னாடி நிக்கற வேஷம் இருக்கவே இருக்கு.”

சாம்பியனுக்குத் திக்கென்றது. ஆறு வருஷம் வில்லன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர். போன மாதம்தான் முதன்முதலாக வசனம் கிடைத்தது. பூனையைக் கண்டால் நடுங்குகிற ரவுடி வேஷம். முதல் நாளே லைட் பிடிக்கிறவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது வந்த சந்தோஷம், கோப்பையைத் தூக்கியபோதுகூட அவருக்கு வந்ததில்லை. இதையா விடுவது? முடியவே முடியாது என்று அங்கேயே தீர்மானம் பண்ணிக்கொண்டார்.

மேக்கப்பைக்கூட முழுசாகக் கலைக்காமல் பஸ் பிடித்து நகரத்தின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு சலவைக் கடை. நீராவி புஸ்ஸென்று கிளம்ப, கடைக்காரர் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஃபைனல்ஸில் சாய்ந்தவர் அவர்தான்.

கல்லாவில் இருந்த அவர் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டாள்.

“அடடே! எங்க வீட்டுக்காரரை ஒரே குத்துல மல்லாத்தின அண்ணன்தானே நீங்க? உக்காருங்க, உக்காருங்க. அந்த ஆட்டத்தோட கிளவுஸைக் கழட்டி வெச்சவர்தான் இவர். நல்லவேளை, கண்ணுல படலை. இன்னும் ஒரு அடி பட்டாலும் பார்வை போயிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. இந்த மனுஷன் யார் பேச்சைக் கேட்டாரு? போய் நின்னாரு!”

“போதும், உள்ள போய் டீ போடு,” என்றார் கடைக்காரர். அவள் போனதும் சாம்பியனை ஏற இறங்கப் பார்த்தார். “இருபது வருஷம் கழிச்சு என்ன திடீர்னு?”

“நாளைக்கு ஒரு சீன்ல நான் விழணும். எனக்கு விழத் தெரியலை. நீதான் சொல்லிக் குடுக்கணும்.”

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது.

“என்ன, நக்கலா? தெருவுல போறவன் வர்றவன்லாம் ‘ஒத்தைக் குத்து’ன்னு கூப்பிட்டு அலுத்துப்போய், இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன். அது பொறுக்காம நீயும் கடை தேடி வந்துட்டியா?”

“சத்தியமா நக்கல் இல்லைப்பா. வேலை போயிடும் எனக்கு.”

“உன்கிட்ட அடி வாங்கி விழுந்தவங்க நாப்பது பேராவது இருப்பாங்க. அவங்கள்ல யாரையாவது போய்க் கேளு. கிளம்பு.”

சாம்பியன் கிளம்பவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் போவதாக இல்லை. ஆனால் அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. வீட்டுக் கூடத்தில் கோப்பையோடு அவர் நிற்கும் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. தினமும் அதற்குத் தூசி தட்டுகிற மகள் ஞாபகத்துக்கு வந்தாள். நாளைக்குக் காலை ஒன்பது மணியும் கூடவே வந்தது.

உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த நாப்பது பேரும் நிஜமாவே அடி பட்டு விழுந்தவங்கப்பா, அவங்களால எனக்கு என்ன பிரயோஜனம்? அன்னைக்கு ஃபைனல்ஸ்ல நான் குத்தினது வெறும் காத்தைத்தான்னு என் கைக்கு அப்பவே தெரியும்.”