ஐந்தடி விலக்கு

ஆல்டன் பிராக்கெட் நான்கு மூலையிலும் குச்சி நட்டு ஆரஞ்சு நாடா கட்டி வைத்திருந்தார். எழும்பப் போகிற அறை அதுதான்.

ஊரில் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிற மனை வாரியத்தார் ஐந்து பேரும் நாடாவைச் சுற்றி நின்றோம். இடம் பார்க்கப் போனால் விண்ணப்பத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பேச்செல்லாம் பிறகு ஊர் மன்றத்தில், எல்லோர் காதிலும் விழும்படி. அதனால் கறுப்பு ஈயை விரட்டிக்கொண்டு மழை வருமா வராதா என்று முனகிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் எந்தக் கட்டடமும் எல்லையிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆல்டனின் அறை பக்கத்து வீட்டு வேலிக்கு ஐந்தடியில் வந்து நிற்கும். மீதி ஐந்தடிக்கு விலக்குக் கேட்டிருந்தார்.

அவர் மனைவி லோயிஸ் இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சை இல்லத்தில் கிடக்கிறாள். இனி மாடிப்படி ஏற மாட்டாள். கீழே ஒரு படுக்கையறை இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் கடைசி வரைக்கும் அங்கேதான்.

பாவம்தான். ஆனால் பாவம் பார்த்து விலக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இடைஞ்சல் மனிதருக்கு இருந்தால் போதாது, நிலத்துக்கு இருக்க வேண்டும். அதிலும் நான் ரொம்பக் கறார். என் முதுகுக்குப் பின்னால் 'முடியாது மார்ஜரி' என்று சொல்வது எனக்கும் தெரியும்.

என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறு. சர்வேயர் அளந்த வரைபடம் எங்கே?

கோழிக்கூண்டு வைக்கக்கூட மூன்று தரம் அளக்கிற மனுஷன் ஆல்டன். இதற்கு மட்டும் பென்சிலால் ஏதோ கிறுக்கிக் கொடுத்துவிட்டு, இதையே வைத்துக்கொள்ளுங்களேன் என்று குழைகிறார். கஞ்சனும் இல்லை. பின்னே ஏன்? எனக்கென்ன, சர்வே படம் இல்லாமல் கை தூக்குவதில்லை என்று வரும்போதே முடிவு கட்டியிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெர்னிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். புருஷன் ரோலண்ட் போனதிலிருந்து அந்த வீட்டில் தனியாள்.

"இந்தச் சமையலறை அவர் கடைசிக் கோடையில தன் கையால கட்டினது. ஜன்னல்ல வர்ற அந்தக் காலை வெயில்தான் எனக்குத் துணை. அதையும் மறைக்கப் பாக்கறாரு இந்த மகராசன். இப்படி வந்து நின்னு பாருங்க, தெரியும்."

கேட்டது நியாயம். தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனோம். நான் கடைசி ஆள்.

அவள் வீட்டுத் தெருவோரப் பியோனிப் பூப்பாத்தியில் என் பூட்ஸ் எதிலோ இடித்தது.

குனிந்து பார்த்தேன். யாரோ கை நிறையச் சருகை அள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். விலக்கினால், மனையின் மூலையைக் காட்ட மண்ணில் அடிக்கிற எல்லைக் கம்பி. அதன் தலையில் சர்வேயர் வைக்கிற மூடி. துருவே இல்லை, புத்தம் புதுசு.

பெர்னிஸின் பூப்பாத்தியில் எல்லைக் கம்பிக்கு என்ன வேலை?

கம்பியிலிருந்து பின்னாலுள்ள கல்சுவரின் மூலை வரைக்கும் கண்ணாலேயே ஒரு கோடு இழுத்தேன். கோடு வேலியோடு போகவில்லை. வேலியை விட்டு விலகி, ரோலண்ட் கட்டிய சமையலறையின் நட்டநடுவில் புகுந்து போயிற்று.

அடக் கடவுளே. வேலிதான் தப்பு.

எந்தக் காலத்திலோ மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட வேலி அது. ரோலண்ட் அதையே எல்லை என்று நம்பி, அளவு நாடாவை அதில் மாட்டி அளந்து கட்டிவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அளக்கிறார்கள்.

அப்படியானால் ஆல்டனின் அறை எல்லையிலிருந்து பத்தடிக்கும் கூடுதலாகவே தள்ளி நிற்கிறது. அவருக்கு விலக்கே வேண்டியதில்லை. சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மறைத்திருக்கிறார். சர்வே படத்தை நீட்டியிருந்தால் போன மாதமே அஸ்திவாரம் தோண்டியிருக்கலாம். நீட்டினால், பெர்னிஸின் சமையலறையில் பாதி அவருடைய மனையில்.

நிமிர்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆல்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை அசைத்தார்.

எனக்கு ஆயிரம் கேள்வி. கேட்கக் கூடாத இடத்தில் நிற்கிறேன். மற்றவர்கள் ஜன்னலருகே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சருகைக் காலால் தள்ளிக் கம்பியை மூடினேன்.

அன்று மாலை ஊர் மன்றத்தில் தலைவர் முதலில் என்னைத்தான் கேட்டார். பெர்னிஸ் முன்வரிசையில். ஆல்டன் கடைசி நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டு. தோற்றால் லோயிஸ் வீடு திரும்ப மாட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் ஜெயித்துவிடலாம். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

"நிலத்தைப் பாத்தேன். ஒரு பக்கம் செப்டிக் டேங்க், பின்னால பாறை. கட்டறதுக்கு அந்த ஒரு பக்கம்தான் இருக்கு. சர்வே படம் இல்லேன்னா பரவாயில்லை, என் ஓட்டு சரின்னுதான்" என்றேன்.

மற்ற நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்று விலக்கு கிடைத்தது.

வெளியே வரும்போது பெர்னிஸ் வாசலில் ஆல்டனை மறித்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ரோலண்ட் இருந்திருந்தா, அவர் இடத்துப் பக்கம் ஒரு அங்குலமாவது உங்களை நெருங்க விட்டிருப்பாரா?"

பக்கத்தில் நின்ற எனக்கு நாக்கு துடித்தது. ஆல்டன் என்னைப் பார்க்கவே இல்லை.

"விட்டிருக்க மாட்டார்ம்மா" என்றார். "என்னை மன்னிச்சிடு."